ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு மலையில சொல்ல முடியுமா?

ஆன்டிபயாடிக் பத்தி பேசினா பெரிய ஆஸ்பத்திரி ஐசியு-தான் ஞாபகம் வரும். இன்னைக்கு ஜவ்வாது மலைக்குப் போவோம்.

ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ் இருக்கு. அதுக்கு மேல சில ஊர்களுக்கு நடைதான். காய்ச்சல்ல துவண்ட பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற அம்மாகிட்ட, "ரெண்டு நாள் பாருங்க, குறையலைன்னா வாங்க"ன்னு சொல்றது சென்னையில சொல்ற மாதிரி கிடையாது. திரும்பி வந்தா ஒருநாள் கூலி போச்சு. அதனால "எதுக்கும் இருக்கட்டும்"னு ஒரு ஆன்டிபயாடிக் எழுதத் தோணும். அதைச் சோம்பேறித்தனம்னு சொல்ல மாட்டேன். அது பயம்.

ஆனா லேப் இல்லாமலே நிறைய முடிவு பண்ணலாம். இருமல், சளியா? ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணணும். ஒரு வயசுக்குள்ள (2 மாசத்துக்கு மேல) 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியான்னு எடுத்துக்கிட்டு அமாக்சிசிலின். அதுக்குக் கீழ இருந்து, வேற ஆபத்து அறிகுறியும் இல்லைன்னா, பெரும்பாலும் வைரஸ்தான், மாத்திரை வேண்டாம். தண்ணியா வயித்துப்போக்கா? ஓஆர்எஸ், கூட ஜிங்க். ரத்தம் கலந்து போனா கதை வேற.

இப்ப உண்ணிக் காய்ச்சல். வேலூர், திருவண்ணாமலை பக்கம் இது புதுசு இல்ல. புதர்ல இருக்கிற ரொம்பச் சின்னப் பூச்சி கடிக்கும். அக்குள்லயோ இடுப்புலயோ சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு புண் இருக்கலாம். சட்டையைக் கழட்டிப் பார்க்கலைன்னா தெரியாது. இதுக்கு அமாக்சிசிலினும் கேட்காது, செஃபிக்ஸிமும் கேட்காது. விலை குறைஞ்ச டாக்சிசைக்ளின் கேட்கும். அப்போ "எதுக்கும்" கொடுத்த மாத்திரை அந்த உயிரையும் காப்பாத்தாது, குடல்ல இருக்கிற மத்த பாக்டீரியாவுக்கும் பயிற்சி கொடுத்துடும். எனக்கு இதுதான் பெரிய கோபம்.

சட்டம் இல்லாம இல்ல. 2010-ல என்டிஎம்-1 ஆய்வுல சென்னை மாதிரிகளும் இருந்தது பெரிய சர்ச்சையாச்சு. 2014 மார்ச்ல இருந்து ஷெட்யூல் எச்1 மருந்துகளை யாருக்கு வித்தோம்னு மெடிக்கல் ஷாப் பதிவேட்டுல எழுதணும். செஃபிக்ஸிம் அதுல வரும். நம்ம தெருவுல எழுதுறாங்களா? நீங்களே பாருங்க.

மலைக்குத் திரும்புவோம். மாத்திரை இல்லாம அனுப்புற அம்மாகிட்ட எதைச் சொல்லி அனுப்பணும்? பிள்ளை பால் குடிக்கலையா, நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதா, வலிப்பு வந்துச்சா, எழுப்பினா எழலையா, ராத்திரின்னாலும் 108-க்கு அடிங்க. இதைச் சொல்ல மூணு நிமிஷம் ஆகும். சீட்டு எழுத அரை நிமிஷம் போதும். வெளியில நாற்பது பேர் வரிசையில நிக்கிறாங்கன்னு வைங்க, அந்த மூணு நிமிஷம் எங்க இருந்து வரும்?