எழுதின கை எது?

   

பழைய நூல்களை மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது முதலிடம் நூலுக்கா, நூலாசிரியருக்கா? இதுதான் தலைப்பு. நூலாசிரியருக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னாங்க? "கடையில கீரை வாங்குறோம். ருசியா இருக்கான்னு பார்ப்போமா, வெதைச்சவன் பேரு என்னன்னு கேட்போமா?" நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். அம்மா, கீரைக்கு அது சரி. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஒருநாள் வாங்க. "மல்லி எந்த ஊருப்பா?" என்று கேட்காமல் எந்தப் பெண்ணாவது வாங்குவாளா? மதுரை மல்லி என்றால் ஒரு விலை, வேற ஊர் மல்லி என்றால் ஒரு விலை! (கைதட்டல்)

எங்கள் முதுகலை வகுப்பில் கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்று ஒரு தாள் உண்டு. நான் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போய் அதை நடத்துகிறவன். வீரமாமுனிவரின் தேம்பாவணி. 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. காப்பியத் தலைவன் யார்? சூசையப்பர். ஒரு பையன் எழுந்தான். "ஐயா, பைபிள்ல சூசையப்பரைப் பத்தி இம்புட்டா எழுதியிருக்கு?"

இல்லைப்பா. மாற்கு எழுதிய நற்செய்தியில் அவர் பெயரே வரவில்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. டிசம்பர் மாதம் வீடுகளில் குடில் வைக்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஆட்டிடையர், ஒரு பக்கம் ஒட்டகத்தோடு மூன்று ஞானியர். ஆட்டிடையரைக் கூட்டி வந்தவர் லூக்கா. அவர் நூலில் ஞானியர் கிடையாது. ஞானியரைக் கூட்டி வந்தவர் மத்தேயு. அவர் நூலில் இடையர் கிடையாது. மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிக்கை சொன்னாரா? இல்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று என்று பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கு அது. ஒட்டகம்? அதுவும் நாம கட்டிவிட்டதுதான்! (சிரிப்பு)

ஒரே கதையில் ஏன் இப்படி இரண்டு வழி? நூலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் "முரண்பாடு" என்று சிவப்பு மையால் எழுதிவிட்டுப் போகலாம். ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். மத்தேயு வம்சவரலாற்றை ஆபிரகாமிலிருந்து தொடங்குகிறார். எதிரே யூத மக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். லூக்கா ஆதாம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவருக்கு மனுசப் பிறவி எல்லாமே சொந்தம். அவர் ஏழை இடையரைத் தேடிப் போனதில் ஆச்சரியம் என்ன?

சரி, ஆசிரியரை எப்படித் தேடுவது? வெள்ளைக்காரனிடம் போய்க் கேட்க வேண்டாம். நன்னூலில் பவணந்தியார் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதினால் எட்டுச் செய்தி இருக்க வேண்டும். ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்பவர் யார், பயன் என்ன. முதல் இடத்தில் என்ன இருக்கிறது? ஆக்கியவன் பெயர்! எதிரணி நண்பர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கரும்பலகையில் எட்டுக் கட்டம் போட்டேன். லூக்காவின் முதல் நாலு வசனத்தை வாசிக்கச் சொன்னேன். அது பச்சைப் பாயிரம் ஐயா! எனக்கு முன்பே பலர் எழுதப் புகுந்தார்கள், கண்ணால் கண்டவர்கள் சொன்னதை நான் திட்டமாய் விசாரித்தேன், வரிசையாய் எழுதுகிறேன் என்கிறார். வழி வந்துவிட்டது. கேட்பவர்? தெயோப்பிலு. பயன்? நீர் கேட்டறிந்தது உறுதியானது என்று தெரிந்துகொள்ள. எல்லாம் எழுதியவர், முதல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். தன் பேரை எழுதவில்லை! லூக்கா என்பது பிறகு மரபு சூட்டிய பெயர். மற்ற மூன்றுக்கும் அப்படித்தான் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. நமக்கு இது புதுசா? குறுந்தொகையில் பாடியவர் பேர் தெரியாமல், பாட்டிலே வந்த தொடரையே பேராக்கி, செம்புலப்பெயல்நீரார் என்று கும்பிட்டவர்கள் நாம்.

இதற்கு அடுத்த வாரம் ஒரு மாணவனின் அப்பா கல்லூரிக்கே வந்துவிட்டார். திருச்சபையில் ஊழியம் செய்கிறவர். கோபம். "ஐயா, எம்மகன் வீட்டுல வந்து, மாற்குதான் முதல்ல எழுதினாராம், கி.பி. 70 வாக்கிலயாம், அதைப் பார்த்துத்தான் மத்தேயுவும் லூக்காவும் எழுதினாங்களாம்னு சொல்றான். அவங்க ஆத்தா அழுகுறா. வேதத்தை இப்படிக் கூறு போடலாமா?"

அந்தக் கண்ணீரை நான் சிரித்துத் தள்ள முடியாது. பிள்ளையின் நம்பிக்கை போய்விடுமோ என்ற பயம் அது. நம் வீட்டில் ஒரு வாத்தியார் தேவாரத்தைப் பற்றி இப்படிப் பேசினால் நமக்கும் பதறும். அவரை உட்கார வைத்து, அவர் கையிலிருந்த வேதாகமத்திலேயே லூக்காவின் அந்த நாலு வசனத்தைக் காட்டினேன். நிதானமாக வாசித்தார். "முப்பது வருசமா இதை வாசிக்கிறேன். இந்த நாலையும் தாண்டித் தாண்டியே போயிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா எழுத வச்சது ஆண்டவர்தான்" என்றார். "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது, நான் குறுக்கே வரமாட்டேன். எழுதின கை எதுன்னு சொல்றதுதான் எனக்குச் சம்பளம்" என்றேன். போதகராகப் போகிறவர்களே இதையெல்லாம் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். நம்ம அரசரடியில் 1969இல் தொடங்கிய இறையியல் கல்லூரியில், தமிழிலேயே படிக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. நற்செய்திகளுக்கும் முந்தியவை பவுலின் கடிதங்கள். கி.பி. 50களில் எழுதியவை. ரோமருக்கு எழுதிய பெரிய கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. கடைசியில் அந்த ஆளும் ஓரமாக நின்று ஒரு வணக்கம் போட்டுவிடுகிறார்! அதைக் கொண்டுபோனவர் பெபேயாள் என்ற பெண் என்றே பலரும் கருதுகிறார்கள். தாய்மார்கள் இதற்குக் கைதட்டலாம். (கைதட்டல்)

எனக்கு உயிரான கடிதம் பிலேமோனுக்கு எழுதியது. இருபத்தைந்தே வசனம். ஒநேசிமு என்ற அடிமை எசமானிடமிருந்து பிரிந்து வந்து பவுலிடம் சேர்ந்திருக்கிறான். பவுலோ சிறையில். "இவனை இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள், உனக்கு இவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் வை, நானே கைப்பட எழுதித் தருகிறேன்" என்கிற பொருளில் எழுதுகிறார். புரோநோட்டு ஐயா! உள்ளே கிடக்கிற மனுசன் வெளியே இருக்கிறவனுக்கு எழுதிக் கொடுக்கிற புரோநோட்டு! எழுதியவன் யார், எங்கே உட்கார்ந்து எழுதினான் என்று சொல்லாமல் இந்தக் கடிதத்தை நடத்திப் பாருங்கள். வெறும் கடன் சீட்டாகப் போய்விடும்.

தமிழில் எழுதின கைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதன் பிறகு, 1840களில் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்து துணை நின்றவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர்! சைவத்துக்காகப் பாதிரிமாரோடு மல்லுக்கு நின்ற அதே நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் வைத்தவர். இந்தச் செய்தியைச் சொன்ன அன்றைக்கு, "நமக்கெதுக்குய்யா பைபிளு" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்த என் சைவப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

நடுவர் மணியில் கைவைத்துவிட்டார். ஐயா, நூலாசிரியருக்கே என்று தீர்ப்புத் தாருங்கள். எதிரணிக்கு மனசு கஷ்டமாக இருந்தால் அவர்கள் டீச்செலவை என் கணக்கில் வையுங்கள், கைப்பட எழுதித் தருகிறேன். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)