லூயிஸ் ஹைன்: படமும் அடிக்குறிப்பும்



கலையும் சமூகப் பணியும் ஒருவரிடமே கூடிவருவதைப் பற்றிப் பேச, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைனை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய படங்கள் மக்களின் மனத்தை உருக்கின, அதனால் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். உருக்கத்தைவிட, அவர் திரட்டிய ஆதாரமே பெரிது என்பது என் கருத்து.

1874இல் விஸ்கான்சினில் பிறந்த ஹைன், தந்தை இறந்த பிறகு பதினெட்டு வயதில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். பின்னர் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியரானார். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை 1904 முதல் படமெடுத்தார். 1908இல் ஆசிரியப் பணியை விட்டுவிட்டு, குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் முழுநேரப் புலனாய்வாளரானார். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டில் பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட சுமார் 17.5 லட்சம் பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

ஆலை முதலாளிகள் அவரை எளிதில் உள்ளே விடவில்லை. தீத்தடுப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி என்று பல வேடங்களில் நுழைந்தார். பெட்டி கேமராவும் கண்ணாடித் தட்டுகளும் வெளிச்சத்துக்கான மக்னீசியப் பொடியும் சுமந்து திரிந்தார். தன் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதை முன்பே அளந்து வைத்திருந்தார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலை எந்தப் பொத்தானை எட்டுகிறது என்று பார்த்து உயரத்தைக் கணித்தார். பெயர், வயது, எத்தனை நாளாக வேலை என்பதையெல்லாம் பைக்குள் கையை விட்டபடியே மறைவாகக் குறித்துக்கொண்டார். படங்களுக்கு அடியில் இடமும் தேதியும் சேர்ந்தன. பொய்ப் படம் என்று ஆலைக்காரர் மறுக்க அந்தக் குறிப்புகள் எளிதில் இடம் தரவில்லை.

இதனால் கலை குறைந்துவிடவில்லை. கேமராவைப் பெரும்பாலும் பிள்ளையின் கண் உயரத்துக்கே இறக்கினார். பின்னணியில் எந்திர வரிசை மங்க, முகம் மட்டும் துலங்கும். ஜார்ஜியாவின் மேகன் நகர நூற்பாலை ஒன்றில் 1909இல் எடுத்த படத்தில், எட்டாத பாபினை மாற்றவும் அறுந்த நூலை முடியவும் சிறுவர்கள் எந்திரத்தின் மீதே ஏறி நிற்கிறார்கள். அந்த உடம்புகளின் அளவைப் பார்த்தாலே எந்திரம் யாருக்காகச் செய்யப்படவில்லை என்பது புரிந்துவிடும்.

அந்தக் குழு இப்படங்களைத் துண்டறிக்கைகளிலும் கண்காட்சிகளிலும் விளக்குப்படக் கூட்டங்களிலும் ஊரூராகக் காட்டியது. 1916இல் நாடாளுமன்றம் குழந்தைத் தொழிலாளர் முறையைக் கட்டுப்படுத்தும் கீட்டிங்–ஓவன் சட்டத்தை நிறைவேற்றியது. 1918இல் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1941 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஹைன் 1940 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியபோது அந்தரத்தில் வேலை செய்த தொழிலாளரைப் படமெடுத்த அந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் வேலை கிடைக்கவில்லை. வீடும் கடனில் போயிற்று. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அக்குழுவுக்காக அவர் எடுத்த 5,000க்கு மேற்பட்ட படங்களைப் பாதுகாக்கிறது.

மாணவர்களே, ஹைன் குழுவில் முழுநேரமாகச் சேர்ந்ததற்கும் நிலைத்த சட்டத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள். அத்தனை காலம் அந்தப் படங்களை ஏந்திச் செல்ல ஓர் அமைப்பு இருந்தது. அமைப்பு துணிந்து பேச, படத்தின் அடியில் குறிப்பு இருந்தது. துயரப்படும் ஒருவரை நீங்கள் படமெடுத்தால், இவர் யார், எங்கே, எவ்வளவு காலமாக, யாருடைய லாபத்துக்காக என்று கேட்டு எழுதுங்கள். அந்த விடைகள் இல்லாத படத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், சமூகப் பணி என்று சொல்ல நான் தயங்குவேன்.