உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்

   

அன்றாட வாழ்க்கையில் நம்மை அதிகமாக எரிச்சல்படுத்துவது அலுவலகமா, கருவிகளா, வாடிக்கையாளராய் நிற்பதா? இதுதான் தலைப்பு. நடுவர் ஐயா எனக்குக் கொடுத்திருப்பது வாடிக்கையாளர் பக்கம். அவர் கொடுக்காவிட்டாலும் நான் சண்டை போட்டு இந்தப் பக்கம்தான் வந்திருப்பேன்.

அலுவலக அணித் தலைவர் அழகாகப் பேசினார். சாயங்காலம் அஞ்சேமுக்காலுக்குப் பையை மாட்டும்போதுதான் மேலதிகாரி ஃபைலோடு வருவாராம். ஒரு மீட்டிங் போட்டு, அடுத்த மீட்டிங் எப்போது என்று முடிவு பண்ணுவார்களாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் 'அர்ஜென்ட்' என்று வருமாம். எல்லாம் உண்மைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனா ஐயா, அந்த எரிச்சலுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருதா இல்லையா? அது காசு வாங்கிக்கிட்டுப் படுற எரிச்சல். நான் சொல்றது, கையிலிருந்து காசையும் கொடுத்து, ரசீதும் வாங்கி, வீட்டுக்குக் கொண்டு வர்ற எரிச்சல்! (கைதட்டல்)

கருவி அணித் தங்கச்சி பேசினாங்க. பிரிண்டர் அவசரத்துக்குப் பேப்பரைத் தின்னுது, பாஸ்வேர்டு கேக்குற இடத்துல ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு நட்சத்திரம் எல்லாம் கேக்குது, ஜாதகம் ஒண்ணுதான் கேக்கலைன்னு சொன்னாங்க. (சிரிப்பு) தங்கச்சி, கருவி பாவம்மா. அதுக்கு வாய் கிடையாது, வன்மம் கிடையாது. அது எப்படிப் பிறந்ததுன்னு உங்களுக்கு ஒரு கதை சொல்லட்டுமா? கதைன்னா கட்டுக்கதை இல்லை, நடந்தது.

ஜான் ஷெப்பர்ட் பாரன் என்று ஒரு பிரிட்டன்காரர். நம்ம நாட்டு ஷில்லாங்கில் 1925-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமை பணம் எடுக்க வங்கிக்குப் போகிறார். கொஞ்சம் தாமதம், கதவைச் சாத்திவிட்டார்கள். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் உட்கார்ந்தபோது ஒரு யோசனை. காசு போட்டால் சாக்லேட் தருகிற இயந்திரம் இருக்கிறதே, அதே மாதிரி பணம் தருகிற இயந்திரம் ஏன் இருக்கக் கூடாது? 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி, வடக்கு லண்டனில் என்ஃபீல்டு என்ற இடத்தில், பார்க்லேஸ் வங்கியின் சுவரில் அந்த இயந்திரம் வந்தது. கவனியுங்கள் ஐயா, அது பிறந்ததே ஒரு வாடிக்கையாளனுடைய எரிச்சலில்தான். ஆக, கருவி அணியின் கருவியே என் கட்சிக்குச் சாட்சி! (கைதட்டல்)

இன்னொன்று கேளுங்கள். ரகசிய எண்ணை ஆறு இலக்கமாக வைக்கலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து மனைவியிடம் கேட்டார். அந்த அம்மா, "எனக்கு நாலு நம்பருக்கு மேல ஞாபகம் நிக்காது" என்றார்கள். அவ்வளவுதான், நாலாக்கிவிட்டார். பிற்காலத்தில் அவரே சொன்னது இது. எந்த ஊர்ப் புருஷன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டான் என்று யாராவது கேட்டால், தாய்மார்களே, தைரியமாக இவர் பேரைச் சொல்லுங்கள். (பலத்த சிரிப்பு)

நான் கேட்க வருவது வேறு. அன்றைக்கு ஒரு இயந்திரம் செய்தவர் அடுக்களைக்கு வந்து கேட்டார். இன்றைக்கு நம் கைபேசிக்குள் இத்தனை ஆப் இருக்கே, செஞ்சவங்க யாராவது நம்ம வீட்டுப் பாட்டிகிட்ட, "உங்களுக்கு இது புரியுதா ஆத்தா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா? கருவி மேல் தப்பில்லை. கருவியை முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்களே, அவர்களிடம்தான் நமக்கு வழக்கு.

அந்தக் காலத்தில் அண்ணாச்சி கடைக்குப் போவோம். "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு"ன்னு சொல்லிட்டு நிக்க வேண்டியதுதான். அவரே எடுப்பார், நிறுப்பார், பொட்டலம் கட்டி, சணலைச் சுத்திப் பட்டுன்னு அறுத்துக் கொடுப்பார். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. 1916-ல் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடை திறந்தார். கையில் ஒரு கூடையைக் கொடுத்து, நீங்களே எடுத்துக்கொண்டு வாங்க என்று உள்ளே விட்டுவிட்டார். அடுத்த வருஷமே அந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். கடையில் ஆள் குறைந்தது, செலவு குறைந்தது. ஜனங்களுக்கும் பிடித்திருந்தது, பொறுக்கி எடுக்கலாமே! அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நம் கையில் வந்த கூடை இறங்கவே இல்லை ஐயா. இன்றைக்கு வங்கியில் எழுதுகிற குமாஸ்தா நான். ரயிலுக்கு டிக்கெட் போடுகிற குமாஸ்தா நான். கரண்ட் பில் கட்டுகிற கவுன்ட்டரும் நான், அதில் நிற்கிற வரிசையும் நான். சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கிறேன். என் ஃபோன், என் இன்டர்நெட், என் விரல், என் நேரம். எல்லாம் முடித்து கடைசியில் பார்த்தால் ஒரு வரி: 'கன்வீனியன்ஸ் ஃபீ'. தமிழில் சொன்னால் வசதிக் கட்டணம். யாருக்கு ஐயா வசதி? அவங்க வேலையை நான் செஞ்சேன். கூலியை அவங்க வாங்கிக்கிட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, ஏதோ தப்பாகிவிட்டது என்று ஃபோன் பண்ணுகிறோம். "வணக்கம். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்." அழுத்தியாச்சு. "புதிய திட்டங்களைப் பற்றி அறிய ஒன்றை அழுத்தவும். மேலும் புதிய திட்டங்களைப் பற்றி அறிய இரண்டை அழுத்தவும்." நமக்கு வேண்டியது எட்டுலேயோ ஒன்பதுலேயோ இருக்கும். அது வர்றதுக்குள்ள அடுப்பில் பால் பொங்கிடும். பொங்கலுக்குப் பொங்கினா 'பொங்கலோ பொங்கல்'னு சொல்லலாம், இதுக்கு என்ன சொல்ல? (சிரிப்பு) அப்புறம் ஒரு குரல்: "எதிர்பாராத அளவுக்கு அழைப்புகள் வருவதால் காத்திருக்கவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்." உடனே ஒரு வாத்திய இசை.

அந்த இசைக்கும் ஒரு ஆள் காரணம். ஆல்ஃபிரட் லெவி என்ற அமெரிக்கத் தொழிற்சாலைக்காரர். ஒரு டெலிபோன் கம்பி இரும்பு உத்தரத்தில் உரசி, பக்கத்து வானொலி நிலையத்துப் பாட்டு ஃபோனில் கேட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 1962-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டு, 1966-ல் வாங்கிவிட்டார். போகட்டும், அவராவது பாட்டுக் கொடுத்தார்.

என் கோபம் அந்த 'எதிர்பாராத' என்ற வார்த்தை மேலே. திங்கட்கிழமையும் எதிர்பாராத அழைப்பு, செவ்வாய்க்கிழமையும் எதிர்பாராத அழைப்பு. வருஷம் 365 நாளும் எதிர்பாராமலேயே ஒரு ஆபீஸ் நடக்குமா? டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் எர்லாங் என்று ஒரு கணித மேதை இருந்தார். 1909-லேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார், 1917-ல் சூத்திரமே கொடுத்துவிட்டார். மணிக்கு இத்தனை அழைப்பு வரும், ஒவ்வொன்றும் இத்தனை நிமிஷம் நீடிக்கும், இத்தனை பேர் எடுக்க இருக்கிறார்கள் என்றால், கூப்பிட்டவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று அந்தச் சூத்திரம் சொல்லிவிடும். இன்றைக்கும் அழைப்பு மையங்களில் எத்தனை பேரை உட்கார வைப்பது என்று கணக்குப் போடுவதற்கு எர்லாங் சூத்திரம்தான் அடிப்படை. புரிகிறதா ஐயா? நீங்கள் இருபது நிமிஷம் நின்றது விபத்து இல்லை. அந்த நாற்காலிகளின் எண்ணிக்கையை எழுதினபோதே உங்கள் இருபது நிமிஷமும் எழுதியாச்சு! (கைதட்டல்)

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஃபோனை எடுக்கிற பெண்ணைத் திட்டாதீர்கள். அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். ஒரு அழைப்பை எத்தனை நிமிஷத்தில் முடித்தாள் என்று பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அலுவலக அணித் தலைவரே, இந்த ஒரு மதிப்பெண்ணை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

எங்க அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா. 78 வயசு. மாமா போன பிறகு குடும்ப ஓய்வூதியம்தான் அவங்களுக்கு ஆதாரம். பெரிய தொகை இல்லை. ஆனா பேரப் பிள்ளைக்கு அவங்க கையால பத்து ரூபாய் கொடுக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கணும் நீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். வாழ்நாள் சான்று என்பார்கள். 2014-ல் இருந்து இதை விரல் ரேகை வைத்துக் கணினியிலேயே கொடுக்கலாம் என்று மத்திய அரசு கொண்டு வந்தது. ஜீவன் பிரமாண் என்று பேர். எத்தனையோ முதியவர்களுக்கு அலைச்சல் மிச்சம். நல்ல திட்டம்தான்.

அத்தை விரலை வைத்தார்கள். ரேகை பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார்கள், பொருந்தவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. எப்படிப் பொருந்தும் ஐயா? சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல். ரேகையெல்லாம் எங்க வீட்டு அண்டாவிலேயும் குண்டாவிலேயும் போய்விட்டது. கவுன்ட்டரில் இருந்த தம்பி நிமிர்ந்து பார்க்காமலே, "சிஸ்டம் ஒத்துக்கலைங்க, அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரம் போனோம், சர்வர் இல்லை. அதற்கடுத்த வாரம் ஆட்டோவில் போகும்போது அத்தை மெதுவாகக் கேட்டார்கள்: "ஏம்மா, நான் இருக்கேன்னு எனக்குத் தெரியுது, உனக்கும் தெரியுது. அந்த மெஷினுக்குத் தெரியறதுக்கு நான் இன்னும் என்ன பண்ணணும்?" (அமைதி)

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கும் ரேகை விழவில்லை. பின்னால் மேசையில் இருந்த ஒரு பெரியவர், ஓய்வு பெறப் போகிற வயசு, எழுந்து வந்தார். அத்தை முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, நேர்லயே வந்திருக்கீங்க, இதுக்கு மேல என்ன சான்று வேணும்? உக்காருங்க" என்றார். டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, நிரப்பி, அதிகாரியிடம் அவரே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். ஐந்து நிமிஷம். அந்தக் காகிதப் படிவம் என்றைக்கும் செல்லுபடியானதுதான். முகத்தைப் படம் பிடித்தே சான்று கொடுக்கும் முறையும் 2021-லிருந்து இருக்கிறது. முதல் நாளே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

இந்தச் 'சொல்லவில்லை' என்பதுதான் ஐயா வாடிக்கையாளனுடைய பெரிய துன்பம். ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழித்துவிட்டது. அஞ்சு நாளைக்குள் அதைத் திருப்பிப் போட வேண்டும், தவறினால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், நாம் கேட்காமலே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. இந்த அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பார்த்தீங்களா ஐயா? நாம அபராதம் கட்ட வேண்டியதுன்னா மட்டும் எஸ்எம்எஸ் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வருது! (சிரிப்பு)

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லேயே வந்தது. 2019-ல் புதிதாக எழுதினார்கள். இப்போது நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கிற ஊரைத் தேடி பஸ் ஏற வேண்டாம். அதே 2019-ல் சண்டிகரில் ஒருவர் ஷூ வாங்கப் போனார். பில்லில் காகிதப் பைக்கு 3 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். நம்மைப் போல, மூணு ரூபாய்தானே என்று அவர் விடவில்லை. நுகர்வோர் மன்றம் என்ன சொன்னது தெரியுமா? 3 ரூபாயைத் திருப்பிக் கொடு, மன உளைச்சலுக்கு 3,000 கொடு, வழக்குச் செலவுக்கு 1,000 கொடு, அதற்கு மேல் 5,000 அபராதம் கட்டு என்றது. நம்ம ஊரில் மூணு ரூபாய் மீதிக்கு மூணு மிட்டாயைக் கையில் வைக்கிறார்கள். நாமும் அதை வாயில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். வாயை மூடத்தானே மிட்டாய்! (கைதட்டல்)

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாலே இலக்கம்தான், நாலு நம்பர் சொன்ன அந்த அம்மா கணக்கு. சிரிக்காதீங்க, அதுவும் ஒரு ஃபோன் நம்பர்தான், எனக்கும் தெரியும்.

இதோ, நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அடிக்கிற கை கண்ணுக்குத் தெரிகிறதே, அதுவே பெரிசு. ஐயா, முடிவாகத் தீர்ப்புச் சொல்லும்போது அலுவலகத்துக்கு ஒன்றை அழுத்தவும், கருவிக்கு இரண்டை அழுத்தவும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். (பலத்த சிரிப்பு) வாயைத் திறந்து எங்கள் பக்கம் சொல்லுங்கள்.