வைரஸுக்கு உயிர் உண்டா?

(அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வைரஸுக்கு உயிர் உண்டா என்னும் வினா உயிரியல் வகுப்போடு முடிந்துவிடுவதன்று. பொருளாதாரம் பயின்று நிருவாகத்திற்கு வந்த என் போன்றோருக்கும் அது பயன்தரும் வினாவாகும்.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் வெண்டெல் ஸ்டான்லி, புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உப்பைப் போல் படிகமாகும் பொருளுக்கு உயிர் ஏது? ஆயினும், அப்படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் நோய் பற்றியது. அன்று வலுப்பெற்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. வைரஸ் உண்பதில்லை, சுவாசிப்பதில்லை, தனித்துப் பெருகுவதுமில்லை. எனினும் அதற்கு மரபுப் பொருள் உண்டு. தலைமுறைதோறும் அது மாறுதலும் அடைகிறது.

பொருளாதார மொழியில் கூறுவதானால், வைரஸ் ஒரு தொழிற்சாலையன்று. உற்பத்திக்கான வரைபடம் மட்டுமே. ஆலை, மூலப்பொருள், ஆற்றல் யாவும் அது புகும் செல்லுக்கு உரியவை. இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பாக்டீரியாவின் செல் சுவரையும் உட்பொறிகளையும் தாக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள், அவை ஏதுமில்லாத வைரஸைத் தாக்கமாட்டா. வைரஸால் வரும் சளிக்காய்ச்சலுக்கு அவற்றை வழங்குவது வீண் செலவு. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகவும் அது வழிவகுக்கும்.

இரண்டாவது, புகலிடம் கிடைக்காவிடில் வைரஸின் தொடர் அறுந்துவிடும். பெரியம்மை வைரஸுக்கு மனிதரையன்றி வேறு புகலிடம் இருந்ததில்லை. 1973 முதல் நம் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்து, அவர்களைச் சுற்றியிருந்தோருக்கு அம்மை குத்தினர். 1975 மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் அந்நோய் தோன்றவில்லை. 1980-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது, போலியோ சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். குழந்தையின் குடலில் அது பெருகினால்தான் பாதுகாப்பு கிட்டும். வெப்பத்தால் அத்திறன் கெட்டுவிட்டால், பதிவேட்டில் குழந்தையின் பெயர் ஏறும். உடலில் எதிர்ப்புச் சக்தி ஏறாது. இலக்கு நிறைவேறியதாகக் கணக்கிடும் அலுவலர், மருந்து எந்தக் குளிர்நிலையில் வந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். 2011 ஜனவரிக்குப் பின், இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் நம் நாட்டில் எக்குழந்தையும் முடமாகவில்லை. குளிர்ப்பெட்டியைத் தோளில் சுமந்து சிற்றூர்களுக்கு நடந்த ஊழியர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு.

வைரஸை எவ்வகையில் சேர்ப்பது என்பதை அறிஞர்கள் ஆய்ந்து கூறட்டும். அது எங்கே பெருகும், எங்கே பெருகாது என்பதை உணர்ந்து திட்டமிடுதல் நமது கடமையாகும்.