ஊசி மருந்தும் நம் கடமையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜுரம் கண்டவுடன் "ஓர் ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்பது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. போட மறுக்கும் வைத்தியரைத் திறமையற்றவர் என்று தூற்றுவாரும் நம்முள் உளர். இவ்வழக்கத்தால் விளையும் கேட்டைக் கருதியே, கொடிய கிருமி நோய்களுக்கு இன்று பெரிதும் வழங்கும் செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஊசி மருந்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

இதன் பூர்வ சரித்திரம் வியக்கத்தக்கது. 1945-ஆம் வருஷத்தில், இத்தாலி தேசத்துச் சார்டினியாத் தீவிலுள்ள காக்லியாரி நகரில், சாக்கடை நீர் கடலிற் கலக்குமிடத்தில் ஜுசெப்பே புரோட்சு என்னும் பேராசிரியர் ஒரு பூஞ்சணத்தைக் கண்டெடுத்தார். அது டைபாய்டு கிருமியை வளரவொட்டாமல் தடுத்தது. பின்னர் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் அதிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தனர். அவ்வழி வந்த மருந்துகளுள் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்ததே நாம் கூறும் இம்மருந்து.

மூளை உறை அழற்சி, கடுமையான நிமோனியா, ரத்தத்திற் கிருமி பரவிய நிலை, டைபாய்டு முதலியவற்றில் இஃது உயிர் காக்கும். கிருமியின் புறச்சுவரைக் கட்டவொட்டாமற் செய்து அதனை அழிக்கும். உடலில் நெடுநேரம் தங்குவதால் பெரும்பாலும் தினம் ஒரு வேளையே போதும். ஆனால் ஜலதோஷம், டெங்கு போன்ற வைரஸ் நோய்களில் இதனால் எள்ளளவும் பயனில்லை.

நாம் கவனிக்க வேண்டுவன யாவை?

முதலாவது, பெனிசிலின் முதலிய மருந்துகளால் முன்பு தடிப்போ, முகவீக்கமோ, மூச்சுத்திணறலோ உண்டாகியிருந்தால் அதனை வைத்தியரிடம் ஒளிக்கலாகாது. ஊசி போட்டபின் இவ்வடையாளங்கள் தோன்றினால் க்ஷணமும் தாமதியாமல் அவருக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, பச்சிளங் குழந்தைகளின் விஷயம். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கலந்த திரவத்தோடு இம்மருந்து சேர்ந்தால் படிகமாக உறையும். அவ்வாறு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து சிசுக்கள் மாண்டதுண்டு. ஆதலின் பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு நரம்பு வழியே கால்சியம் ஏற்றுங்கால் இதனைக் கொடுத்தலாகாது. மஞ்சட்காமாலை கண்ட சிசுவுக்கும் இது தக்கதன்று.

மூன்றாவது, தசையிற் போடும்போது வலி தோன்றாதிருக்க லிடோகெய்ன் என்னும் மருந்தில் இதனைக் கரைப்பதுண்டு. அவ்வாறு கரைத்ததை ரத்தக் குழாயில் ஏற்றுவது அபாயம். ஆகவே பழக்கமற்றவர் கையால் வீட்டில் ஊசி போட்டுக்கொள்வது அறவே தகாது.

நான்காவது, ஜுரம் தணிந்ததென்று நாமே நிறுத்திவிடலாகாது. நமக்குத் தோன்றியபடி நீட்டவும் கூடாது. நிறுத்தும் காலத்தையும் மாத்திரைக்கு மாற்றும் காலத்தையும் வைத்தியரே சொல்லவேண்டும். கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், சிகிச்சை முடிந்த பின்னாயினும், அவரிடம் கூற வேண்டும்.

வேண்டாதபோதெல்லாம் வழங்கினால் மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகும். 2016-ஆம் வருஷத்தில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இம்மருந்துக்கும் அடங்காத டைபாய்டு பரவியது. எக்கிருமியை அடக்கியதால் இவ்வகை மருந்து உலகுக்குக் கிடைத்ததோ, அக்கிருமியே இன்று எதிர்த்து நிற்கின்றது! இவ்வபாயத்தை முன்னிட்டே நம் தேசத்தில் 2014 மார்ச்சு முதல் இதனை எச்-1 அட்டவணையிற் சேர்த்து, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்றும், விற்றதைத் தனிப் புத்தகத்திற் பதிந்து மூன்று வருஷம் காக்க வேண்டுமென்றும் விதித்துள்ளனர்.

சட்டம் கடையோடு நிற்கும். வீட்டினுள் காவல் நாமே. இன்று சிறு ஜுரத்துக்கு வீணாக்கிய மருந்து, நாளை நம் குழந்தை உயிருக்கு மன்றாடும்போது கைகொடாது போகலாம். ஆதலின் ஊசியைக் கேட்டு வாங்குவதை விட்டு, "இஃது என்ன நோய்? இதற்கு ஊசி அவசியந்தானா?" என்று வினவும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பத்தாரும் கைக்கொள்ள வேண்டுகிறோம்.