பார்க்கப்படும் ஊரும் பார்க்கும் ஊரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையும் சிறுகதையும் நாவலும் பேசிவந்த ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் திரைப்படம் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. தமிழ் எழுத்தாளனுக்குத் திரைப்படத்தின் மீது நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பாட்டெழுதப் போன கவிஞன் திரும்பி வரவில்லை என்பது அதில் பாதி. கதையை வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைச் சிதைத்துவிட்டார்கள் என்பது மறுபாதி. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவ்விரு குறைகளும் படம் எடுப்பதைப் பற்றியவை. படம் பார்ப்பதைப் பற்றி இலக்கிய வட்டங்கள் பேசியது மிகக் குறைவு. யார், எங்கே, யாரோடு அமர்ந்து, எதைப் பார்க்கிறார்கள் என்பதும் ஒரு பண்பாட்டு வினாதான். இவ்வுரை அந்த வினாவைப் பற்றியது.

விம்கோ நகர் என்னும் பெயரே ஓர் ஆலையின் பெயர். 1923இல் ஸ்வீடன் நாட்டு மூலதனத்தோடு தொடங்கப்பெற்ற வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம் ஒரு குடியிருப்புக்குப் பெயராகி, ரயில் நிலையத்துக்கும் பெயராகி, 2021இல் மெட்ரோ நிலையத்துக்கும் பெயராயிற்று. தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள், லாரி, உரம் என்று நாடு முழுவதற்கும் பண்டம் செய்து அனுப்பிய நிலம் இது. அண்மைக் காலத்தில் இந்நிலப்பகுதியிலிருந்து வெளியே போகும் மற்றொரு பண்டம் உண்டு. அது இதன் உருவம். 2014இல் ‘மெட்ராஸ்’, 2018இல் ‘வட சென்னை’, 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ என்று வடசென்னையின் சுவரும் கேரம் பலகையும் குத்துச்சண்டை மேடையும் தமிழ்த் திரையில் நிறைந்தன. இவற்றுள் அக்கறையோடு எடுக்கப்பட்டவை உள்ளன. அதை மறுப்பது நேர்மையாகாது. இவற்றின் வழியைப் பார்த்து, கத்தியும் இரத்தமும் மட்டுமே வடசென்னை என்று காட்டிய படங்களும் வந்தன. எவ்வாறாயினும் இது பார்க்கப்படும் ஊராக இருக்கிறது. பார்க்கும் ஊராக, பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஊராக இருக்கிறதா என்பதே கேள்வி.

2003 முதல் சென்னையில் பன்னாட்டுத் திரைப்பட விழா நடந்து வருகிறது. அதன் அரங்குகள் அண்ணா சாலையையும் இராயப்பேட்டையையும் சுற்றியே பெரும்பாலும் அமைந்தன. அதற்கு முன்னர், திரைப்படச் சங்கங்களின் காலத்தில், அயல்நாட்டுப் படங்கள் மாக்ஸ் முல்லர் பவனிலும் அலியான்ஸ் பிரான்சேஸிலும் சோவியத் பண்பாட்டு மையத்திலும் காட்டப்பட்டன. இவற்றுள் எதுவும் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே இல்லை. பொது ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் சேர்ந்து, அங்கிருந்து பேருந்து பிடிப்பவர் போய்ச் சேரும்போது படத்தில் பாதி ஓடியிருக்கும். கதவை யாரும் அடைக்கவில்லை. தொலைவும் நேரமும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

வரலாறு இப்படித் தொடங்கவில்லை என்பது இங்கே நினைக்கத் தக்கது. தென்னிந்தியாவில் படம் ஊர் ஊராக நடந்து வந்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். பிற்காலத்தில் டூரிங் டாக்கீஸ் என்று ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கும் மணல் தரைக் கொட்டகைகள் அந்தப் பயணத்தின் வழித்தோன்றல்கள். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு கலையைக் கண்ட முதல் இடம் திரைப்படக் கொட்டகை என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டினார். கோயில் மண்டபமும் சபா அரங்கமும் செய்யாததை மணல் தரை செய்தது. அந்த மணலில் உலகின் நல்ல படங்கள் வந்து விழவில்லை என்பதுதான் குறை.

அப்படி வந்து விழுந்த ஓர் ஊர் உண்டு. அது தமிழ்நாட்டில் இல்லை. கருநாடகத்தில், சிமோகா மாவட்டத்தில், சாகர் வட்டத்தில் இருக்கிறது. ஹெக்கோடு என்பது பெயர். பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். அங்கே 1949இல் நாடக ஆர்வலர் சிலர் நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். அதன் எழுத்துகளைச் சுருக்கி ‘நீநாசம்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது சாபம் போல ஒலிக்கும், ஆனால் வரமாக அமைந்த பெயர். அதை வளர்த்தவர் கே.வி. சுப்பண்ணா (1932–2005). பாக்குத் தோட்டக்காரர், கன்னட எழுத்தாளர், அட்சர பிரகாசன என்ற பதிப்பகத்தை நடத்தியவர். ஓர் இலக்கிய வட்டத்தார் கவனிக்க வேண்டிய செய்தி இது: அங்கே திரைப்படத்தைக் கொண்டுவந்தவர் திரைத்துறையினர் அல்லர், நூல் பதிப்பித்தவர்.

1973இல் நீநாசம் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிற்று. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர், பெட்டி பெட்டியாகப் படச்சுருள்களை அந்தக் கிராமத்துக்கு வரவழைத்தார். புனே திரைப்படக் கல்லூரிப் பேராசிரியர் சதீஷ் பகதூர் எழுபதுகளின் இறுதியிலிருந்து அங்கே வந்து திரைப்பட இரசனை வகுப்பு நடத்தினார். ‘பதேர் பாஞ்சாலி’யும் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ஸும் ‘ரஷோமான்’னும் பாக்கு உரிப்பவர்களும் பள்ளி ஆசிரியர்களும் அமர்ந்த அரங்கில் ஓடின. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது அளித்தபோது, நாடகத்தோடு, உலகின் சிறந்த படங்களைக் கருநாடகச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றதையும் விருதுக் குழு எடுத்துக் கூறிற்று. பல்லாண்டுகள் கழித்து, 2012இல் வெளிவந்த ‘செல்லுலாய்ட் மேன்’ என்ற ஆவணப்படத்தில் அவ்வூர் மக்கள் தாங்கள் கண்ட அயல்நாட்டுப் படங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். உறவினர் வீட்டுத் திருமணத்தை நினைவுகூர்வது போல இயல்பாகப் பேசுகிறார்கள்.

ஹெக்கோட்டின் வெற்றிக்குப் படத்தேர்வு மட்டும் காரணமாகாது. அங்கே ஏற்கெனவே நாடகம் இருந்தது, நூல் இருந்தது, மாலையில் கூடிப் பேசும் பழக்கம் இருந்தது. படம் அந்தப் பேச்சுக்குள் வந்து சேர்ந்தது. பேச்சு இல்லாத ஊரில் படவிழா நடத்தினால் மூன்று நாள் பந்தல் போட்டுப் பிரித்தது போல் ஆகும். விம்கோ நகரில் பத்தாண்டாக மாதந்தோறும் கூடும் வட்டம் ஒன்று இருப்பது இக்காரணத்தால் முக்கியமாகிறது.

கேரளத்தில் நடந்தது வேறு வகை. 1984இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ‘ஒடேசா’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடமே பணம் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தனர். அடுத்த ஆண்டே ஜான் மறைந்தார். அவர் தமிழில் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’ (1977), வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதியது, தேசிய விருது பெற்றும் திரையரங்குகளின் வழக்கமான சுற்றுக்குள் நுழையவில்லை. தமிழ்நாட்டுக்குள்ளும் ஒரு விதிவிலக்கு உண்டு. மதுரையில் ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழா, பெரும் பொருளுதவியோ நட்சத்திரங்களோ இன்றி இத்தகைய விழா நிற்க முடியும் என்று காட்டியது.

வடசென்னையின் விழாவில் முதலில் பேசப்பட வேண்டிய தமிழ்ப்படம் இவற்றுள் எதுவும் அன்று. அது 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’. இயக்கியவர் நிமாய் கோஷ். வங்காளத்தில் நாட்டுப் பிரிவினையால் வேரறுந்த மக்களைப் பற்றி ‘சின்னமூல்’ (1950) என்ற படத்தை எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வாழ்ந்தவர். தென்னிந்தியத் திரைத் தொழிலாளர்க்குச் சங்கம் கட்டியதில் அவருக்கும் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனுக்கும் பெரும் பங்குண்டு. ‘பாதை தெரியுது பார்’ இரயில்வே தொழிலாளரைப் பற்றியது. இடதுசாரிச் சார்புடைய பலர் கூடிப் பணம் போட்டு எடுத்தது. ஆர்.கே. கண்ணன் கதை, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் ஆகியோர் பாடல்கள், எம்.பி. சீனிவாசன் இசை. இத்தனைக்குப் பின்னும் அது வணிக அரங்கில் தோற்றது.

கவிஞர்கள் நிறைந்த அவை என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அப்படத்தின் பாடல்கள் வானொலியில் பல தலைமுறை ஒலித்தன. ஜெயகாந்தனும் கே.சி.எஸ். அருணாசலமும் எழுதிய பாடல்களை முணுமுணுத்தவர்களுள் பெரும்பாலோர் அவை தொழிலாளர் படத்துப் பாடல்கள் என்று அறியாமலே முணுமுணுத்தனர். பாட்டு பிழைத்தது, படம் பிழைக்கவில்லை. வானொலி பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அப்படி ஒன்று இல்லை. மூன்றாம் வாரத்தில் அரங்கிலிருந்து இறங்கிய படம் மீண்டும் ஏற ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர்தான் சிற்றூர்த் திரைப்பட விழா. சேரிச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஜெயகாந்தன் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது. அதுவும் இதே இடமின்மையைச் சந்தித்தது. ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்ற தம் நூலில் அவர் அந்நாட்களைக் கசப்பும் பெருமிதமும் கலந்து பதிந்துள்ளார். யாரைப் பற்றிய படமோ அவர்கள் பாராத படமாக அவை நின்றது, படைப்பாளியின் இழப்பைக் காட்டிலும் அந்த மக்களின் இழப்பு.

ஒரு தடை எழுப்பப்படும். உழைத்துக் களைத்து வருபவனுக்கு ‘ரஷோமான்’ எதற்கு என்பது அது. பரிவு போல ஒலித்தாலும் இதனுள் இருப்பது இளக்காரம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கும் மக்களுக்கு மெதுவாக நகரும் கதை புதிதன்று. ‘ரஷோமான்’ ஒரு கொலையை நான்கு வாய்கள் நான்கு விதமாகச் சொல்லும் படம். ஆலையில் உள்விசாரணையைக் கண்டவருக்கு, ஒரே சம்பவத்தை மேஸ்திரி ஒருவிதமாகவும் காவலாளி ஒருவிதமாகவும் சொல்வதைக் கேட்டவருக்கு, அதன் உள்ளுறை விளங்கக் கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை. உண்மையான தடை மொழியே. அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்க முடியாதவர்க்குத் தமிழில் ஓட வேண்டும். இயலாவிடில், படம் தொடங்குமுன் பத்து நிமிடம் தமிழில் கதையைச் சொல்ல ஒருவர் வேண்டும். பழந்தமிழ்ப் பாட்டுக்குத் துறையும் கொளுவும் எழுதிவைத்த மரபில் வந்தவர்களுக்கு இது கடினமா?

இன்னொரு தடை இக்காலத்தது. எந்தப் படமும் கைப்பேசியில் கிடைக்கிறதே, கூடிப் பார்ப்பானேன் என்பார்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா அரங்கம் 2020இல் மூடப்பட்டபோது அந்தப் பேச்சு வலுத்தது. 2017இல் வெளிவந்த ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடுவதைக் காட்டியது. உலகெங்கும் தனித்தனித் திரைகளில் பலர் அதைக் கண்டனர். அதே படத்தை எண்ணூரில், அந்தக் கழிமுகத்தில் வலை வீசுபவரும் அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவரும் அருகருகே அமர்ந்து காண்பது வேறு. அங்கே விளக்கு எரிந்தபின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். கைப்பேசி அந்த இக்கட்டைத் தருவதில்லை.

வட்டத்தார் விழா எடுப்பதாயின் மூன்று நாள் போதும். முப்பது படம் வேண்டாம், ஐந்து போதும். பள்ளி மண்டபமோ திருமண மண்டபமோ எதுவாயினும் சன்னலுக்குக் கறுப்புத் துணி வேண்டும், ஒலி நன்றாக இருக்க வேண்டும். மங்கிய திரையில் காட்டி நல்ல படத்தைக் கொல்வது திரைப்படச் சங்கங்களின் பழைய பாவம். பெண்கள் வர வேண்டுமானால் ஒரு காட்சியேனும் பிற்பகலில் இருத்தல் நலம். ஆறு மணிக் காட்சி சமையற்கட்டில் இருப்பவருக்கு இல்லாத காட்சி. விருந்தினர் உரை பத்து நிமிடத்தைத் தாண்டலாகாது. படம் முடிந்த பின் முதலில் பேசுபவர் கவிஞராக இல்லாதிருத்தல் இன்னும் நலம். கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதற்படமாக டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) இருக்கலாம். சைக்கிள் இருந்தால்தான் வேலை என்ற நிலையில் அச்சைக்கிளைப் பறிகொடுத்தவன், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோம் நகரத் தெருக்களில் தேடும் கதை. சைக்கிள் மிதித்து ஆலைக்குப் போய்த் திரும்பிய தலைமுறை இவ்வூரில் இன்னும் இருக்கிறது; அவர்கள் அருகில் பேரப்பிள்ளைகளை உட்கார வைக்கலாம். படம் ஒன்றரை மணி நேரம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடியும், இரவு ஷிப்டுக்குப் போகிறவர் பேச்சின் நடுவே எழுந்து போக நேரும். அவர்களுக்கும், இரண்டாம் ஷிப்டில் இருந்ததால் படத்தையே தவறவிட்டவர்களுக்குமாக, மறுநாள் காலை பத்து மணிக்கு அதே படத்தை மீண்டும் ஒருமுறை போட வேண்டும்.