சின்னக் காயம் என்று விட்டுவிடாதீர்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், பேர், கிலோ என்று பேசியே பழகிய இந்த வகுப்பில் இன்று நமது உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். மலையில் மிலாறு குத்தினாலும், கவ்வாத்துக் கத்தி பட்டாலும், அட்டை கடித்த இடம் புண்ணானாலும் நாம் முதலில் காயத்தைப் பார்ப்பதில்லை. "இப்போது டிஸ்பென்சரிக்குப் போனால் அரைப்பேர்தானே போடுவார்கள்" என்று கணக்குத்தான் பார்க்கிறோம். பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போகிறோம். அந்தக் காயத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அரைப்பேரைப் பற்றி நிர்வாகத்தோடு வேறு விதமாகப் பேசுவோம்.

நம் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் 'நிர்ப்பீடனம்' என்று ஒரு சொல் வருகிறது. நோயை எதிர்த்து உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் அது. அதன் முதல் வேலி தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரும். அது முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகளுக்கு உள்ளே வழியில்லை. தோல் மூடாத இடங்களுக்கு வேறு காவல் உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளி கிருமியைப் பிடித்து வைக்கிறது. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் பற்றீரியாவின் சுவரைக் கரைக்கும் நொதியம் இருக்கிறது. சாப்பாட்டோடு போகிறவற்றில் பலவற்றை இரைப்பையின் அமிலம் கொன்றுவிடுகிறது.

இந்த வேலி நமக்கு எங்கே உடைகிறது? கொழுந்து எடுத்து எடுத்து வெடித்த விரல் நுனியில் உடைகிறது. நாள் முழுக்க மழையில் ஊறிய கால்விரல் இடுக்கிலும், அட்டை கடித்துச் சொறிந்த இடத்திலும் உடைகிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் இந்த வெடிப்போடு நின்றால் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக அதுவே போதும். கையுறையும் பூட்ஸும் கேட்பதைச் சிலர் சொகுசு கேட்பதாகச் சொல்கிறார்கள். உடைந்த வேலியை அடைத்துத் தாருங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

வேலி உடைந்த பிறகு என்ன நடக்கிறது? 1882ஆம் ஆண்டில் இத்தாலியின் மெசினா நகரில் இருந்த மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடம்பில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, நகரும் கலங்கள் வந்து அந்த முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. வெளியிலிருந்து வந்ததை விழுங்கி அழிக்கும் கலங்கள் உடம்பிலேயே இருக்கின்றன என்று அதிலிருந்து அவர் விளக்கினார். அந்த ஆராய்ச்சிக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமது காலில் மிலாறு குத்தினாலும் அதுவேதான் நடக்கிறது. காயத்தைச் சுற்றியுள்ள குருதிக் குழாய்கள் விரிகின்றன. அதனால் அந்த இடம் சிவந்து சுடுகிறது. குழாயிலிருந்து நீர் கசிவதால் வீங்குகிறது. அந்த வழியாகத்தான் வெண்குருதிக் கலங்கள் வெளியே வந்து கிருமியை விழுங்குகின்றன. அவற்றில் முதலில் ஓடி வரும் வகையை மட்டும் நமது எலும்பு மச்சை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடி என்ற கணக்கில் உண்டாக்குகிறது. புண்ணில் சீழ் என்று நாம் துடைத்து எறிவதில் பெரும்பங்கு, வேலை முடித்துச் செத்துப்போன இந்தக் கலங்கள்தான்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அது நிணநீர்க் கணு. காயத்திலிருந்து கிருமியின் துண்டுகளைக் கொண்டுவந்து அங்கே காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் கோடிக்கணக்கான கலங்களில் எது அந்தக் கிருமிக்குப் பொருந்துகிறதோ, அது மட்டும் பெருகத் தொடங்குகிறது. ஒரு வகைக் கலம், கிருமியோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களைச் செய்கிறது. அவற்றைப் பிறபொருளெதிரி என்கிறோம். இன்னொரு வகைக் கலம், வைரசு புகுந்துவிட்ட நமது சொந்தக் கலங்களையே தேடிக் கொல்கிறது. புதிய கிருமியென்றால் இதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். ஏனென்றால் முதல் தடவை பெருகிய கலங்களில் சில சாகாமல் நினைவோடு காத்திருக்கின்றன.

தடுப்பூசி செய்வதெல்லாம் நோய் வராமலே அந்த நினைவை உண்டாக்குவதுதான். 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவனுக்குக் குத்தித் தொடங்கிய வேலை, 1980இல் பெரியம்மை உலகிலேயே இல்லை என்று அறிவிப்பதில் முடிந்தது. நமது பூட்டன்மாரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்து வைத்து அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். கூலிகள் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம் துரைமாருக்கு. இன்று நிலைமை வேறு. தடுப்பூசி நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் உரிமை. 1993க்குப் பிறகு இலங்கையில் இளம்பிள்ளைவாதம் யாருக்கும் வரவில்லை என்றால், மழையிலும் பனியிலும் லயம் லயமாக நடந்த மருத்துவிச்சிமாருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போன தாய்மாருக்கும் அதில் பங்கு உண்டு.

"ஊசி போட்டா பிள்ளைக்குக் காய்ச்சல் வருது" என்று சில தாய்மார் சொல்கிறார்கள். ஊசிக்குப் பிறகு வரும் லேசான காய்ச்சல், உடம்பு பாடம் படிக்கிறது என்பதற்கு அடையாளம். காய்ச்சல் கடுமையானால், அல்லது பிள்ளை சோர்ந்து பால் குடிக்காவிட்டால் உடனே காட்டுங்கள். அதற்காக அடுத்த ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

இனி நம் வேலைக்கு மிகவும் கிட்டிய நோய்க்கு வருவோம். ஏற்புவலி. அதன் பற்றீரியா மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வித்தியாக உறங்கிக் கிடக்கும். ஆழமாகக் குத்திய காயத்தில் காற்றுப் போகாது. அங்கே அது விழித்து ஒரு நஞ்சைக் கக்குகிறது. நஞ்சு நரம்பு வழியாக ஏறித் தாடையை இறுக்குகிறது, முதுகை வில்லாக வளைக்கிறது, மூச்சையும் நிறுத்தக்கூடும். மேலே ஆறிவிட்ட சின்னக் காயத்திலிருந்தும் இது வரலாம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி அந்த அம்மை வருவது அரிது. ஏற்புவலி அப்படியல்ல. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு மிகமிகக் குறைவு. அந்த அளவைக் கண்டு உடம்பால் பாடம் படிக்க முடிவதில்லை. ஆகவே ஒரு தடவை ஏற்புவலி வந்து பிழைத்தவருக்கும் அது திரும்ப வரலாம். "எத்தனை காயம் பட்டிருக்கு, எனக்கு ஒன்றும் ஆகல்லையே, உடம்பு பழகிப் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது இந்த நோய்க்குப் பொருந்தாது. 1890இல் பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ என்ற இருவர், நோயெதிர்ப்பு ஏற்றப்பட்ட முயலின் குருதி நீரைச் சுண்டெலிக்குக் கொடுத்து ஏற்புவலியிலிருந்து காத்தார்கள். பிறகு நஞ்சே தீங்கில்லாததாக மாற்றப்பட்டு ஊசியாக்கப்பட்டது. அதுதான் ஏற்பூசி. அதன் பலன் காலம் போகப் போகக் குறைகிறது. அதனால்தான் அழுக்கான காயத்தோடு போனால் "கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்று வைத்தியர் கேட்கிறார். எத்தனை பேருக்கு அந்தத் திகதி தெரியும்? கர்ப்பிணித் தாய்க்குப் போடும் ஏற்பூசியால் உண்டாகும் பிறபொருளெதிரி, தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. பிறந்த பிள்ளையை முதல் மாதங்களில் காப்பது தாய் போட்டுக்கொண்ட அந்த ஊசிதான்.

காக்கும் ஏற்பாடே அளவு மீறினால் ஆபத்து என்பதற்குக் குளவி சாட்சி. சிலருக்கு முதல் தடவை கொட்டும்போது வீக்கத்தோடு போய்விடும். ஆனால் உடம்பு அந்த விஷத்துக்கு எதிராக ஒரு வகைப் பிறபொருளெதிரியைச் செய்து வைத்திருக்கும். அடுத்த தடவை ஒரே ஒரு கொட்டுப் போதும். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் குழாய்கள் விரிந்து குருதி அமுக்கம் விழுந்துவிடும், தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். எல்லாம் நிமிடக் கணக்கில். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. தடிப்பும் மூச்சுத் திணறலும் தலைச்சுற்றும் கண்டால் ஆளை நடத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறவரை இருக்க விடுங்கள். வாகனம் ஆளிடம் வரட்டும். கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே, "ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறா" என்று லயத்துக்கு அனுப்பக் கூடாது, வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். கொழுந்து லொறி மடுவத்துக்கு வரும்வரை காத்திருந்த கதைகள் இந்த மண்டபத்தில் உள்ள பலருக்கும் தெரியும்.

கடைசியாகச் சாப்பாடு. கலங்களும் பிறபொருளெதிரிகளும் புரதத்தால் ஆனவை. புரதம், இரும்பு, நாகம், விற்றமின் ஏ குறைந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் தளர்கிறது. போதிய உணவில்லாத பிள்ளையின் நெஞ்சுக்குள் இருக்கும் தைமசுச் சுரப்பி, அதாவது இந்தக் கலங்கள் பயிற்சி பெறும் இடம், சுருங்கிப் போகிறது. உலகில் நோயெதிர்ப்பு குறைவதற்கு மிகப் பெரிய காரணம் உணவுப் பற்றாக்குறைதான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வுப்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். பெருந்தோட்டத்தில் 32 வீதம். ரொட்டியும் சம்பலும் சாயத் தேத்தண்ணியுமாக ஒரு நேரம் போகிறதே, அதன் கணக்கு இந்த எண்ணில் இருக்கிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதும் குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா யாருக்குக் கொடுத்ததோ அவரே சாப்பிட வேண்டும். ஆனால் திரிபோஷா சம்பளத்துக்குப் பதிலாகாது. சம்பளக் கோரிக்கையை வைக்கும்போது இதையும் மேசையில் வையுங்கள்.

முதல் மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்றாதீர்கள். அதில் பிள்ளையின் குடலைக் காக்கும் பிறபொருளெதிரி நிறைந்திருக்கிறது. வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளைக்கு ஒரு வயது வரும்வரை வேலை நேரத்தில் பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளைக் காம்பராவுக்குப் போய் வரும் அந்த நேரத்துக்குப் பேரில் கைவைத்தால் சங்கத்துக்கு அறிவியுங்கள்.

தோழர்களே, கமிட்டிகள் தோட்டத்துக்குப் போனதும் செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, ஒவ்வொரு தொழிலாளியும் கடைசியாக ஏற்பூசி போட்ட திகதியை ஒரு கொப்பியில் எழுதுங்கள். தெரியாதவர்களின் பட்டியலைத் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் கொடுங்கள். இரண்டு, மலைக்கு மலை சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் கேளுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதற்கு இணையான முதலுதவி வேறில்லை. மூன்று, குளவிக் கூடு பார்த்த பிறகுதான் ஆள் இறக்க வேண்டும், டிஸ்பென்சரியில் அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்தவரும் வாகனமும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நான்கு, வேலையில் பட்ட எந்தக் காயத்தையும் அன்றே பதியச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைக்கும் நாள் வந்தால், அந்தப் பதிவுதான் முதல் சாட்சி. காயத்துக்கு மருந்து கட்டப் போனவருக்கு அரைப்பேர் போட்டால் அதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

உடம்பு தன் பங்கு வேலையைக் கேட்காமலே செய்கிறது. அதற்கு வேண்டிய சாப்பாடு, தண்ணீர், ஊசி, ஓய்வு ஆகியவை கேட்டால்தான் கிடைக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள்.